பெற்றோரின் சாகசப் பொழுதுபோக்கும் பிள்ளைகளின் எதிர்காலமும்

பதுளை மாவட்டத்தின் தியத்தலாவையில் 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை 'பொக்ஸ் ஹில் சுப்பர் குரொஸ்' மோட்டார் பந்தயம் நடைபெற்றது. பாதையை விட்டு விலகிய பந்தயக் கார் ஒன்று பார்வையாளர் மத்தியில் பாய்ந்ததில் ஏழு பேர் உயிரிழந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். பந்தய ஒழுங்குகளைக் கவனிப்பதற்காகப் பாதையோரம் நின்ற உதவியாளர்கள் நால்வரும், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் உயிரிழந்தவர்களுள் அடங்குவர்.

இவ்விபத்துக்கான பொறுப்பு யாரைச் சார்ந்தது என்பது நீதிமன்றமும் விசாரணைச் சபையும் தீர்மானிக்க வேண்டிய விடயமாகும். அதற்குள் புகுவது எமது நோக்கமன்று. ஆயினும் அந்த ஞாயிற்றுக்கிழமை எழுப்பிய மற்றொரு கேள்வி, செய்திகளின் பரபரப்பு அடங்கியதோடு தானும் அடங்கிப்போயிற்று. பெற்றோராக இருப்பவர்கள் உயிராபத்து மிக்க பொழுதுபோக்குகளில் ஈடுபடலாமா? ஈடுபடுவதாயின் எந்த எல்லை வரையில்? தமது பிள்ளைகளை அவற்றின் அருகே அழைத்துச் செல்வது எந்த அளவுக்கு ஏற்புடையது? ஊவா மாகாணத்தின் நகரங்களிலும் தோட்டங்களிலும் வாழும் எமது மக்கள் இக்கேள்வியைத் தமக்குரியதாகக் கொள்ள வேண்டிய காரணங்கள் பல உள்ளன.

முதலில் தியத்தலாவையில் நடந்தது என்ன என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம். இலங்கை இராணுவக் கல்விக் கழகமும் மோட்டார் விளையாட்டுச் சங்கமும் இணைந்து நடத்தும் இப்பந்தயம் ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பின்னர் அவ்வாண்டில் மீண்டும் இடம்பெற்றது. அந்த ஏப்ரலின் இரண்டாம் வாரத்தில் நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் அடுத்தடுத்து வந்திருந்தன. மலைநாடெங்கும் விடுமுறைக் கோலம். அனுமதி இலவசம் என்பதால் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டனர். பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடைப் பகுதிகளில் வாழும் சாதாரணக் குடும்பத்துக்குச் செலவின்றிக் கிடைக்கக்கூடிய களியாட்டங்கள் மிகச் சில. ஆகவே பிள்ளைகுட்டிகளோடு அங்கு சென்றவர்களை எவரும் குறைகூற முடியாது.

பந்தயத்தின் நடுவே கார் ஒன்று பாதையோரத்தில் கவிழ்ந்தது. வேகத்தைக் குறைக்குமாறு உணர்த்தும் மஞ்சள் கொடியை உதவியாளர்கள் அசைத்தனர். ஆயினும் பின்னால் வந்த கார்கள் ஓடிக்கொண்டே இருந்தன. அவற்றுள் ஒன்றுதான் கட்டுப்பாட்டை இழந்து கூட்டத்துக்குள் புகுந்தது.

இங்கு ஓர் எளிய கணக்கைக் கவனிக்க வேண்டும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 28 மீற்றர் தூரத்தைக் கடக்கின்றது. ஆபத்தைக் கண்டு சாரதியின் கால் பிறேக்கை அழுத்துவதற்கே ஒன்று அல்லது ஒன்றரை விநாடி செல்லும். அதற்குள் வாகனம் 30, 40 மீற்றர் முன்னே வந்துவிடுகின்றது. தார் வீதியைப் போலன்றிச் சரளை மண் நிறைந்த பாதையில் சக்கரங்களின் பிடிமானம் குறைவு. எனவே நின்றுகொள்வதற்கு மேலும் பல பத்து மீற்றர் தேவைப்படும். புழுதிப் படலம் முன்னால் நடப்பதை மறைத்துவிட்டால் கொடி அசைவதும் சாரதிக்குத் தெரியாமற் போகலாம். வளைவுகளிலே வாகனம் பிடிமானம் இழக்குமாயின் அது உட்புறமாகச் செல்வது அரிது, பெரும்பாலும் வெளிப்புறத்தை நோக்கியே வீசப்படும். காட்சி நன்றாகத் தெரிகின்றது என்று கூட்டம் விரும்பி நிற்கும் இடமும் பெரும்பாலும் அந்த வெளிப்புறமேயாகும்.

எட்டு வயதுப் பிள்ளையின் உயரம் நான்கடி சொச்சம். பெரியவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றால் அப்பிள்ளைக்கு எதுவுமே தெரியாது. ஆகவே எந்தத் தகப்பனும் தாயும் பிள்ளையை முன்வரிசைக்கு நகர்த்துவார்கள். அருகில் நிற்பவர்களும் "பிள்ளைக்கு இடம் விடுங்கள்" என்று விலகிக் கொடுப்பார்கள். அன்பினாலும் மரியாதையினாலும் செய்யப்படும் இக்காரியம், கூட்டத்திலேயே மிகச் சிறியவரை ஆபத்துக்கு மிக அண்மையில் கொண்டுபோய் நிறுத்திவிடுகின்றது. குறிப்பிட்ட குடும்பத்தினர் இவ்வாறு செய்தார்கள் என நாம் கூறவில்லை. எந்த மைதானத்திலும் எந்தக் குடும்பமும் செய்வது இதுவே என்பதையே சுட்டிக்காட்டுகின்றோம்.

உலகம் இதனை முன்னரே அனுபவித்திருக்கின்றது. இத்தாலியில் பொது வீதிகளில் நடத்தப்பட்டு வந்த 'மில்லே மிலியா' பந்தயத்தில் 1957ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி கார் ஒன்று வீதியோரத்தில் நின்றவர்கள் மீது பாய்ந்தது. பார்வையாளர் ஒன்பது பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் சிறுவர். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1955இல், பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில் 80 இற்கும் மேற்பட்டோர் பலியாகினர். முதலாவது பந்தயம் அத்தோடு வேகப் பந்தயமாக நடப்பது முடிவுக்கு வந்தது. இரண்டாவதைத் தொடர்ந்து சுவிற்சர்லாந்து தன் நாட்டில் சுற்றோட்டப் பந்தயங்களையே தடை செய்தது. அத்தடை பல தசாப்தங்கள் நீடித்தது. ஏனைய நாடுகள் பார்வையாளரைப் பாதையிலிருந்து பின்னே தள்ளி, உறுதியான தடுப்புகளை எழுப்பின. இப்பாடம் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பழையது. ஊவாவின் மலைச்சரிவு வரை அது ஏன் வந்து சேரவில்லை என்று கேட்பதற்கு எமக்கு உரிமை உண்டு.

பார்வையாளரை விடுத்து, ஆபத்தான விளையாட்டில் தாமே இறங்கும் பெற்றோரைப் பற்றி இனி நோக்குவோம். இதில் இரண்டு கட்சிகள் உண்டு. பிள்ளை பெற்றுவிட்டால் தன் உயிர் தனக்கு மட்டும் சொந்தமன்று என்பது ஒரு கட்சி. பெற்றோர் என்பதற்காக ஒரு மனிதன் தன் ஆற்றலையும் ஆசையையும் பூட்டி வைக்க வேண்டியதில்லை, துணிவுள்ள தகப்பனைப் பார்த்து வளரும் பிள்ளையே துணிவோடு வளரும் என்பது மறு கட்சி. இரண்டிலும் உண்மை இருப்பதனாற்றான் விவாதம் முடிவதில்லை.

எமது சமூகத்தின் பெருமைக்குரிய பெயர்களுள் ஒன்று வல்வெட்டித்துறையைச் சேர்ந்த நீச்சல் வீரர் ஆனந்தன் அவர்களுடையது. 1971ஆம் ஆண்டில் பாக்கு நீரிணையை இலங்கையிலிருந்து இந்தியாவுக்கும், அங்கிருந்து மீண்டும் இலங்கைக்குமாக 51 மணித்தியாலங்களில் நீந்திக் கடந்தவர். சட்டத்தரணி. நீச்சலில் மட்டுமன்றி உடலின் தாங்குசக்தியைச் சோதிக்கும் பல்வேறு துறைகளிலும் கின்னஸ் சாதனைகளைத் தேடிக்கொண்டவர். 1984ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் அவர் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 41. பாக்கு நீரிணையின் வெதுவெதுப்பான நீருக்கும் கோடையிலும் குளிர்ந்து கிடக்கும் ஆங்கிலக் கால்வாய்க்கும் இடையிலான வேறுபாடு மிகப் பெரிது. குளிர் நீரில் நீண்ட நேரம் இருப்பவரின் உடல் வெப்பம் இழக்கும்போது, தான் ஆபத்தில் இருக்கின்றேன் என்பதை உணரும் தெளிவும் சேர்ந்தே மங்கிவிடுகின்றது. தேர்ந்த வீரரையும் கடல் கொண்டுபோகும் வழி இதுதான். அவரை நாம் அன்றும் போற்றினோம், இன்றும் போற்றுகின்றோம். போற்றுகின்ற வேளையில், அவரை இழந்த வீட்டின் கணக்கை எவரும் எழுதி வைப்பதில்லை என்பதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பாகிஸ்தானின் மலையேறும் வீரர் முகம்மது அலி சத்பாராவின் கதை இன்னும் நெருக்கமாக இக்கேள்வியைத் தொடுகின்றது. உலகின் இரண்டாவது உயரமான மலையான கே2வை 2021 பெப்ரவரி மாதக் கடுங்குளிரில் ஏறுவதற்குச் சென்ற குழுவில் அவரும், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அவரது மகன் சாஜித்தும் இருந்தனர். சிகரத்துக்குச் சில நூறு மீற்றர் கீழே மகனது ஒட்சிசன் கருவி பழுதுற்றது. இறங்கிச் செல்லுமாறு தந்தை பணித்தார். மகன் இறங்கினார், தந்தையும் ஐஸ்லாந்து, சிலி நாடுகளைச் சேர்ந்த தோழர் இருவரும் திரும்பவில்லை. அதே ஆண்டு ஜூலை மாதத்தில் மகன் மீண்டும் அந்த மலையில் ஏறித் தந்தையின் உடலைக் கண்டு, மலையிலேயே அடக்கம் செய்தார். பாகிஸ்தான் முழுவதும் துயருற்றது. ஆனால் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். சத்பாராவுக்கு மலை பொழுதுபோக்கன்று. சுமைதூக்கியாகத் தொடங்கி, மலையினாலேயே குடும்பத்தைக் காப்பாற்றியவர் அவர். பிழைப்புக்காக ஏற்கும் ஆபத்தையும் பொழுதுபோக்குக்காகத் தேடும் ஆபத்தையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

பிரித்தானியாவின் அலிசன் ஹார்கிரீவ்ஸ் 1995 மே மாதத்தில் ஒட்சிசன் சிலிண்டர் இன்றி எவரெஸ்டில் ஏறினார். அவ்வாண்டு ஓகஸ்டில் கே2வில் இருந்து இறங்கும்போது இறந்தார். அவருக்கு ஆறு வயதில் ஒரு மகனும் நான்கு வயதில் ஒரு மகளும் இருந்தனர். தாயான ஒருத்தி இவ்வாறு செய்யலாமா என்று பிரித்தானியப் பத்திரிகைகள் கடிந்து எழுதின. மலைகளில் இறந்த தகப்பன்மார் மீது அத்தகைய கண்டனம் எழுந்ததில்லை. இந்த ஓரவஞ்சனை எமது சமூகங்களிலும் ஆழ வேரூன்றியிருக்கின்றது. தகப்பன் மோட்டார் சைக்கிளைப் பறக்கவிட்டால் "ஆம்பிளை" என்கின்றோம். தாய் நீர்வீழ்ச்சியின் பாறையில் நின்று படம் பிடித்தால் "பிள்ளைகளை நினைத்தாளா" என்கின்றோம். ஆபத்தின் அளவு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. பிள்ளை இழப்பதும் ஒன்றே. (ஹார்கிரீவ்ஸின் மகன் தாமும் மலையேறுநராகி 2019இல் நங்கா பர்வதத்தில் உயிரிழந்தார் என்பது இக்கதையின் துயரமான பின்னுரை.)

எமது ஊவாவுக்குத் திரும்புவோம். இங்கு கே2 இல்லை. ஆனால் கொஸ்லாந்தைக்கு அருகே 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி இருக்கின்றது. அதன் உச்சியில் குளிப்பதற்கு வாய்ப்பான தடாகங்கள் இருக்கின்றன. ஹல்துமுல்லைப் பகுதியில் நாட்டிலேயே உயரமான, 263 மீற்றர் பம்பரகந்த இருக்கின்றது. எல்லயிலிருந்து வெல்லவாய செல்லும் வீதியோரத்தில் இராவணன் எல்ல இருக்கின்றது. அங்கே நீராடிப் பலர் உயிரிழந்தமையைக் கூறும் எச்சரிக்கைப் பலகைக்கு முன்னாலேயே பிள்ளைகளுக்குச் சட்டை கழற்றுவதைக் காணலாம். மடுல்சீமையில் பாதாளத்தை எட்டிப் பார்க்கும் பாறை விளிம்பு இருக்கின்றது. 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலமும், தெமோதரையின் சுழல் பாதையும், புகையிரதத்தின் மிதிபலகையில் தொங்கிப் படம் எடுக்கும் பழக்கமும் இருக்கின்றன. 2019இல் பெல்ஜிய நாட்டு இணையர் ஒருவர் இப்பாதையில் ஓடும் புகையிரதத்துக்கு வெளியே உடலைச் சாய்த்து எடுத்த படம் உலகெங்கும் பேசப்பட்டது. அதைக் கண்டித்தவர்களை விட அதைப் போலவே செய்ய வந்தவர்கள் அதிகம் போலும்.

இவற்றுள் எதனையும் நாம் சாகசம் என்று அழைப்பதில்லை. குளிக்கப் போனோம், சுற்றுலா போனோம், படம் எடுத்தோம் என்றே சொல்கின்றோம். ஆபத்து மிகுந்த பொழுதுபோக்கு என்றால் பரசூட்டும் பனிமலையும் என எண்ணுகின்றோம். உண்மையில், பயிற்சி பெற்ற மலையேறுநர் கயிறு கட்டி ஏறும் பாறையை விட, பயிற்சியற்ற ஒருவர் செருப்புக் காலோடு நிற்கும் வழுக்குப் பாறை கொடியது. எல்லயில் சின்னச் சிவனொளிபாதமலை அருகே கம்பியில் தொங்கிப் பள்ளத்தாக்கைக் கடக்கும் விளையாட்டு நடத்தப்படுகின்றது. பார்ப்பதற்கு அது அச்சமூட்டும். ஆனால் அதிலே இடுப்பு வார், இரட்டைக் கொக்கி, எடைக் கட்டுப்பாடு, பணியாளர் மேற்பார்வை என்பன இருக்கும். நீர்வீழ்ச்சியின் தலையில் இவற்றுள் ஒன்றும் இல்லை. மேலே மலையில் பெய்யும் மழை சிறிது நேரத்தில் வெள்ளமாக இறங்கும் என்பதைச் சொல்லவும் ஆளில்லை. ஆகவே பார்வைக்கு எவ்வளவு அச்சம் தருகின்றது என்பதைக் கொண்டு ஆபத்தை அளக்கக் கூடாது. பிழை நேர்ந்தால் அதைத் திருத்திக்கொள்ள இடமுண்டா, தடுக்கும் ஏற்பாடு உண்டா என்பனவே அளவுகோல்கள்.

இங்கே தோட்டப்புற வாசகர் ஒருவர் நியாயமாக ஒன்றைக் கேட்கலாம். "எங்கள் வாழ்க்கையே ஆபத்துத்தானே, விளையாட்டில் மட்டும் எதற்குக் கவனம்?" மறுக்க முடியாத கேள்வி. கொழுந்து பறிக்கும் மலையில் குளவி கொட்டி உயிர் போகின்றது. செங்குத்தான சரிவில் கால் வழுக்குகின்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்களை மண் மூடியபோது எவரும் சாகசம் செய்துகொண்டிருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலின் மழை பதுளை மாவட்டத்தில் இறங்கியபோதும் அப்படியே. அந்த ஆபத்துகளை எம்மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. வறுமையும் காணியின்மையும் புறக்கணிப்பும் அவற்றை அவர்கள்மீது சுமத்தின. அவற்றுக்கு அரசும் தோட்டக் கம்பனிகளும் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் அக்கேள்வியின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சுமத்தப்பட்ட ஆபத்து ஏற்கெனவே இவ்வளவு இருக்கின்ற வீட்டில், தேடிப் பெறும் ஆபத்துக்கு மிச்சம் இருக்கும் இடம் குறைவு. வசதியுள்ள குடும்பத்தில் தகப்பன் இறந்தால் துயரம் வரும். வீடும் வங்கிக் கணக்கும் காப்புறுதியும் எஞ்சும். லயனில் தகப்பன் இறந்தால், தோட்டத்தில் வேலை செய்வோர் இல்லையென்ற காரணத்தால் குடியிருக்கும் அறையே கேள்விக்குறியாகலாம். 2024ஆம் ஆண்டில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்ட வேளையில், ஒரு 'பேர்' குறைந்தாலே அவ்வாரத்துச் சாமான் குறையும் குடும்பங்கள் இருந்தன. தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணியில் இருக்க, தகப்பனோ தாத்தா பாட்டியோ பிள்ளைகளை வளர்க்கும் வீடுகள் பசறை, லுணுகலை, மொனராகலைப் பகுதிகளில் ஏராளம். அவ்வாறான வீட்டில் எஞ்சியிருக்கும் ஒரே தகப்பன் பாலத்தின் விளிம்பில் நின்று படம் எடுக்கும்போது, அவனது காலடியில் இருப்பது அவனுடைய உயிர் மட்டுமன்று.

சட்டமும் இவ்விடத்தில் கைகொடுப்பது குறைவு. தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு நடைமுறையில் உள்ளது. அது தொழிலின் காரணமாகவும் தொழில் நேரத்திலும் ஏற்படும் விபத்துகளுக்கானது. மலையில் குளவி கொட்டினால் அதன்கீழ் கோரலாம். ஞாயிற்றுக்கிழமை நீர்வீழ்ச்சியில் வழுக்கி விழுந்தால் கோர முடியாது. ஆயுள் காப்புறுதிப் பத்திரங்களிலும் மோட்டார் பந்தயம், மலையேற்றம் போன்றவற்றை விலக்கும் நிபந்தனைகள் சிறிய எழுத்தில் இடம்பெறுவது வழக்கம். பத்திரத்தை வாசித்துப் பார்த்துவிட்டுக் கையொப்பமிடுவோர் எத்தனை பேர்? ஊழியர் சேமலாப நிதியில் அங்கத்தவரின் பெயரில் இருக்கும் தொகை வாரிசுகளுக்குச் செல்லும். அதிலும் பின்னுரித்தாளரின் பெயரைப் பதிந்து வைக்காதவர்களின் பிள்ளைகள் அலைந்து திரிய நேர்கின்றது. விளையாட்டில் இறங்குகின்றாரோ இல்லையோ, பிள்ளையுள்ள ஒவ்வொரு தொழிலாளியும் இந்தப் பதிவைச் சரிபார்த்துக்கொள்வது நன்று.

பெற்றோரின் ஆசைக்குப் பிள்ளையையே கருவியாக்கும் வகையும் ஒன்று உண்டு. இதிலே எமக்கு இரண்டு மனம் இல்லை. 1996 ஏப்ரலில் அமெரிக்காவில் ஏழு வயதுச் சிறுமி ஜெசிக்கா டுப்ரொப், கண்டத்தைக் குறுக்கே விமானம் செலுத்திக் கடக்கும் இளையவர் என்ற பெயரைப் பெறுவதற்காகத் தந்தையுடனும் பயிற்றுநருடனும் புறப்பட்டாள். தொலைக்காட்சிகள் பின்தொடர்ந்தன. வயோமிங் மாநிலத்தின் ஷாயன் நகரில் மோசமான காலநிலையில் விமானம் கிளம்பியது. கிளம்பிய சற்று நேரத்தில் வீழ்ந்து மூவரும் மாண்டனர். ஒரு நாள் பொறுத்திருந்தால் மழை ஓய்ந்திருக்கும். ஆனால் நிகழ்ச்சி நிரலும் கமெராக்களும் காத்திருந்தன. அதன் பின்னர் அத்தகைய சிறுவர் சாதனை விமானப் பயணங்களைத் தடுக்கும் சட்டம் அந்நாட்டில் இயற்றப்பட்டது.

தமிழ்நாட்டின் மணப்பாறையில் 2007இல் மருத்துவத் தம்பதியர் தமது பதினைந்து வயது மகனைக் கொண்டு ஒரு பெண்ணுக்குச் சத்திரசிகிச்சை மூலம் பிரசவம் செய்வித்து, அதனை ஒளிப்பதிவு செய்து சாதனை எனக் காட்டினர். பாராட்டை எதிர்பார்த்தவர்களுக்குப் பொலிஸ் விசாரணையே கிடைத்தது. கற்ற மருத்துவர்களையே பெயர் ஆசை இவ்வாறு கண்மறைக்குமாயின், கைத்தொலைபேசியில் விருப்பக் குறிகளை எண்ணும் சாதாரணத் தகப்பனைப் பற்றி என்ன சொல்வது? அவுஸ்திரேலியாவின் முதலை வீரர் ஸ்டீவ் இர்வின் 2004 ஜனவரியில் ஒரு மாதக் கைக்குழந்தையை ஒரு கையில் ஏந்தியபடி மறு கையால் முதலைக்கு இரை ஊட்டினார். எல்லாம் தன் கட்டுப்பாட்டில் இருந்தது என்றே அவர் வாதிட்டார். இரண்டு ஆண்டுகளின் பின், 2006 செப்டெம்பரில், முதலையினால் அன்றித் திருக்கை மீனின் முள்ளினால் அவர் இறந்தார். எதிர்பாராத திசையிலிருந்து வருவதே விபத்தின் இயல்பு. 'என் கட்டுப்பாட்டில்' என்னும் சொல்லுக்கு அது கட்டுப்படுவதில்லை.

நேர்த்திக்கடன்களைப் பற்றிச் சிலர் கேட்கக்கூடும். கதிர்காமத்திலும் தோட்டக் கோவில்களிலும் தீமிதிப்பும் காவடியும் நிகழ்கின்றன. அவை வேண்டுதலின் பாற்பட்டவை. பொழுதுபோக்கோடு சேர்த்துப் பேசுவது முறையன்று. ஒன்றை மட்டும் பணிவோடு கூறுகின்றோம். வேண்டிக்கொண்டவர் நடப்பது வேறு. வேண்டுதல் என்றால் என்னவென்று அறியாத குழந்தையைத் தோளிலே சுமந்து தணலில் இறங்குவது வேறு. தடுக்கி விழுந்து குழந்தையும் காயமுற்ற செய்திகள் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கின்றன. குழந்தையை இறைவன் ஒப்படைத்த அமானிதம் என்று முஸ்லிம் பெற்றோர் கூறுவார்கள். பொருள் அறிந்து நோக்கினால் இந்து, கிறிஸ்தவப் பெற்றோரும் அதனை வேறு சொற்களில் கூறுபவர்களே.

இவ்வளவும் கூறியபின், பெற்றோர் யாவரும் வீட்டுக்குள் அடங்கிக் கிடக்க வேண்டும் என நாம் கருதுவதாக எவரும் எண்ணலாகாது. அது மறுபக்கத்துத் தீங்கு. புத்தாண்டு விழாவிலே வழுக்குமரம் ஏறும் தகப்பனைக் கண்டு கைகொட்டும் பிள்ளையின் மகிழ்ச்சி பெறுமதியானது. விழுந்தாலும் கீழே ஆட்கள் நிற்கின்றனர், உயரமும் அளவானது. உடற்பயிற்சியோ துணிவோ அறியாத பெற்றோரின் பிள்ளைகள் நீரைக் கண்டும் மலையைக் கண்டும் அஞ்சி வளர்கின்றனர், அஞ்சியவர்கள் கற்பதில்லை, கல்லாதவர்கள் ஒரு நாள் நண்பர்களோடு நீரில் இறங்கும்போது மாள்கின்றனர். நீர்வீழ்ச்சிகள் நிறைந்த மாகாணத்தில் நீச்சல் பழகுவதற்குத் தோட்டப்புறப் பிள்ளைக்கு ஒரு தடாகம் எட்டாக்கனியாக இருப்பது எவருக்கும் பெருமை தராது. நீந்தத் தெரிந்த தகப்பன், ஆழமற்ற இடத்தில், தன் கைக்கெட்டும் தூரத்தில் பிள்ளைக்கு நீச்சல் கற்பிப்பானாயின் அதுவே எமது பார்வையில் சிறந்த வீர விளையாட்டு.

எனவே ஒரே விடையை எல்லோருக்கும் விதிக்க இயலாது. வளர்ந்து தொழில் பெற்றுவிட்ட பிள்ளைகளின் தந்தை ஐம்பத்தைந்து வயதில் தக்க பயிற்சியோடு மலையேறப் புறப்பட்டால் நாம் வாழ்த்துவோம். பால்குடி மாறாத குழந்தையும், பிள்ளை மடுவத்தில் விடப்பட்ட மூத்ததும் இருக்கும் இளம் தகப்பன், தலைக்கவசமின்றி மலை வளைவுகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டியில் இறங்கினால் அவரைத் தடுக்கும் கடமை மனைவிக்கும் உறவினருக்கும் தோழர்களுக்கும் உண்டு. தோழர்களுக்கே அது அதிகம் உண்டு எனலாம். ஏனெனில் அவர்கள் பார்ப்பதற்காகவே அவர் ஓட்டுகின்றார். போகும் விடயத்தை வீட்டில் மறைக்க வேண்டியிருக்கின்றதா என்பதும் ஒரு நல்ல சோதனை. தான் செய்யப்போவதை ஒளிவு மறைவின்றி மனைவிக்கோ கணவருக்கோ வயது வந்த பிள்ளைக்கோ சொல்ல முடியாதவர், தானே அதனைச் சரியென்று நம்பவில்லை.

இறுதியாகப் பந்தய மைதானங்களுக்குப் பிள்ளைகளோடு செல்வோர் பற்றி. பெப்ரவரி, மார்ச் மாதங்களிலிருந்தே மலைநாட்டின் ஏப்ரல் விழாக்களுக்கான அறிவிப்புகள் வரத் தொடங்கும். தியத்தலாவையில் ஆயினும் வேறெங்காயினும், வாகனம் ஓடும் பாதைக்கும் மக்களுக்கும் இடையில் மண்மேடோ சுவரோ போன்ற உறுதியான தடுப்பு இல்லையெனில் அங்கு பிள்ளையை நிறுத்த வேண்டாம். கயிறும் நாடாவும் தடுப்பாகா. வளைவின் வெளிப்புறத்தையும், பாய்ந்து இறங்கும் மேட்டின் எதிர்ப்புறத்தையும் தவிர்க்க வேண்டும். பாதை மட்டத்துக்கு மேலே உயர்ந்த மேட்டில் நின்றால் சிறியவர்களுக்கும் காட்சி தெரியும், முன்வரிசை தேவைப்படாது. வாகனம் ஒன்று கவிழ்ந்தால் வேடிக்கை பார்க்க ஓடுவதே எமது இயல்பு. அந்த நேரத்தில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் பின்வாங்க வேண்டும், அடுத்த வாகனம் அந்த இடத்தை நோக்கியே வந்துகொண்டிருக்கும். ஏற்பாட்டாளர்களோ, சிறுவர்களுக்கென உயரமான தனியிடம் ஒன்றை வேலியடைத்து ஒதுக்குவதற்கும், தடுப்பு எங்கே முடிகின்றதோ அங்கேயே பார்வையாளர் எல்லையையும் முடிப்பதற்கும் பெருஞ்செலவு ஏற்படும் எனக் கூற முடியாது. அனுமதி வழங்கும் பொலிஸாரும் மாவட்டச் செயலகமும் இவ்விரண்டையும் பந்தய நாளுக்கு முன்னரே நேரில் வந்து பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்று கோருகின்றோம்.